மலையேறும் மோட்டாரும் தானியங்கிக் கியர்ப்பெட்டியும்

ஏறுவதற்கு வலிமை வேண்டும். இறங்குவதற்கு அடக்கம் வேண்டும். இது மாந்தருக்கு மட்டுமன்று, மோட்டார் வண்டிகளுக்கும் பொருந்தும். இவ்வுண்மையை நம் மலைநாட்டைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் இடம் இலங்கையில் வேறில்லை. கம்பளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை எனத் தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து செல்லும் பாதையில், ஒரு வண்டி ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம் ஏறியாக வேண்டும். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை வழியாக வருவோருக்கு ஏற்றம் இன்னும் அதிகம்.

இப்பாதைகளில் இன்று ஓடும் கார்களிலும் சிறு வான்களிலும் பல, யப்பானிலே பாவிக்கப்பட்டுப் பின்னர் இங்கு வந்தவை. அவற்றுட் பெருந்தொகையானவை தாமே கியர் மாற்றிக்கொள்ளும் இயல்புடையவை. இடது காலுக்கு ஓய்வு; வலது கைக்கும் இடது கைக்கும் ஸ்டியரிங் ஒன்றே வேலை. ஆனால், மனிதன் செய்துவந்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டபோது, மனிதன் பட்ட சிரமமும் இயந்திரத்தின் தலையில் விழுந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

மறத்தலின் விலை சிறிதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வாயில் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடையில் 2022இல் ரூபாவின் மதிப்பும் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், இருக்கின்ற வண்டியைப் பேணிக் காப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வானொன்றே ஒரு குடும்பத்தின் சோறாக இருக்கும்போது, அதன் கியர்ப்பெட்டி கெட்டுப்போவது வயலில் நின்ற எருது விழுவதற்கு ஒப்பாகும். ஆகவே, இப்பெட்டியின் இயல்பையும், அதனை உறுதிப்படுத்தும் வழிகளையும் அறிந்துகொள்வது நலம்.

இரண்டு மின்விசிறிகள்

மேசைமீது இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிடுவோம். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரு மூடிய கலத்துள் அடைத்துவிட்டால், தானியங்கிக் கியர்ப்பெட்டியின் முதல் உறுப்பாகிய ‘டோர்க் கன்வேர்ட்டர்’ ஏறத்தாழக் கிடைத்துவிடும். இரண்டிற்குமிடையே எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடும் மூன்றாவது சக்கரமொன்றும் உண்டு. அதன் உதவியால், வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, என்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகிச் சக்கரங்களுக்குச் செல்கின்றது. ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி வழுக்காமல் மெல்லெனப் புறப்படுவதன் இரகசியம் இதுவே.

இதனைக் கண்டறிந்தவர் ஹேர்மன் பொட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர். கப்பல்களின் நீராவிச் சுழலியை அதன் சுழலுறுப்போடு இணைப்பதற்காக அவர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய் வழியே வலுவைச் செலுத்தும் இம்முறையின் எளிய வடிவத்தைக் கொண்டு, அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தனது 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ‘ஹைட்ராமாட்டிக்’ என்னும் தானியங்கிப் பெட்டியை அமைத்தது. யுத்த காலத்தில் அதே பெட்டி டாங்கிகளிலும் உழைத்தது. யப்பானின் டொயோட்டா நிறுவனம் 1959இல் இத்துறையில் இறங்கிற்று.

கன்வேர்ட்டருக்குப் பின்னால், சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் ஒன்றையொன்று சுற்றும் பற்சக்கரத் தொகுதிகள் உள்ளன. எந்தச் சக்கரத்தைப் பிடித்து எதை விடுவது என்பதைப் பல தட்டுக்களாலான கிளச்சுகள் செய்கின்றன. அக்கிளச்சுகளை அழுத்துவதும் எண்ணெயே. அவற்றைக் குளிர்விப்பதும் எண்ணெயே. பற்களுக்கு வழுவழுப்பூட்டுவதும் எண்ணெயே. சில கார்களில் பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாக, இரு கப்பிகளுக்கிடையே ஓடும் உருக்குப் பட்டியொன்று உண்டு, அதனைச் ‘சீ.வீ.ரீ.’ என்பர். 1958இல் ஒல்லாந்தின் டாவ் நிறுவனம் இறப்பர்ப் பட்டியோடு தொடங்கிய முறையின் வழித்தோன்றல் அது. வடிவம் வேறாயினும், எண்ணெயே உயிர் என்னும் விதி அதற்கும் ஒன்றே.

வெப்பமே முதற்பகை

வண்டி அட்டன் வழியில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறியொன்றின் பின்னால் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து ஏறுகின்றது என்று கொள்வோம். அப்போது என்ஜின் கடுமையாக உழைக்கும்; கன்வேர்ட்டரின் இரு பக்கங்களும் ஒரே வேகத்தில் சுழலா; இடையில் எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும். என்ஜின் தரும் வலு 40 கிலோவாற்று என்றும், அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கே வழுக்கலில் வீணாகின்றது என்றும் வைத்துக்கொண்டாலும், 4 கிலோவாற்று வெப்பம் எண்ணெயில் இறங்குகின்றது. தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல்கள் இரண்டை அப்பெட்டிக்குள் வைத்து இடைவிடாது எரிப்பதற்கு இது சமம். வேகம் குறைவாதலால், வெப்பத்தை அகற்றும் எதிர்க்காற்றும் அப்போது குறைவு.

மேலும், உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகின்றது. நுவரெலியாவில் வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. காற்றழுத்தி இல்லாத என்ஜினின் வலுவும் அவ்வாறே குறைவதால், ஓட்டுபவர் மேலும் அழுத்தி மிதிக்கின்றார். எண்ணெய் மேலும் கொதிப்படைகின்றது.

இவ்வெண்ணெய் 80 முதல் 90 பாகை செல்சியசு வரையிற் செம்மையாகத் தொழிற்படும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை உயர்வுக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர் கையாளும் தோராயக் கணக்கு. 120 பாகையைத் தாண்டினால், எண்ணெய் அரக்குப்போற் படியத் தொடங்கும், இறப்பர் முத்திரைகள் இறுகும், அழுத்தம் கசியும், கிளச்சுகள் வழுக்கும், வழுக்கலால் வெப்பம் இன்னும் பெருகும். நோயே நோயை வளர்க்கும் நிலை இது. செந்நிறமாயிருந்த எண்ணெய் கறுத்துக் கருகிய மணம் வீசுமாயின், நோய் முற்றிவிட்டது என்று கொள்ளலாம்.

உறுதி சேர்க்கும் வழிகள்

கியர்ப்பெட்டியைப் பலப்படுத்துவது என்றவுடன், விலையுயர்ந்த உறுப்புகளை வாங்கிப் பூட்டுவதே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், செலவு குறைந்த வழியே முதல் வழி. உரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதே அது. சீ.வீ.ரீ. பெட்டிக்கும் பற்சக்கரப் பெட்டிக்கும் எண்ணெய் வெவ்வேறு. ஒன்றுக்குரியதை மற்றதில் ஊற்றுவது மருந்து மாறிக் கொடுப்பதற்கு நிகர். தயாரிப்பாளர் குறித்த கால எல்லை சமதரை ஓட்டத்திற்கு உரியது. மலைப்பாதை ஓட்டம் கடின உழைப்பு என்னும் வகுப்பைச் சேர்ந்ததாதலால், எல்லையைக் குறுக்கிக்கொள்வதே அறிவுடைமை. எண்ணெய் வடிக்கும்போது அடித்தட்டிலுள்ள காந்தத்தையும் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பற் சேறு இயல்பானது; உலோகச் சிம்புகள் ஆபத்தின் தூதர்.

இரண்டாவது வழி, மேலதிக எண்ணெய்க் குளிரூட்டியொன்றை றேடியேற்றருக்கு முன்னால் அமைத்தல். நெடுநாள் உழைப்புக்கு இதனினும் சிறந்த ஒற்றைத் திருத்தம் வேறில்லை எனலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை. தை, மாசிக் காலங்களில் நுவரெலியாவின் அதிகாலைப் புல்லில் உறைபனி படிவதுண்டு. அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்த எண்ணெய் தடித்துப்போய், கியர் மாற்றத்தைத் தாமதப்படுத்தும். ஆதலால், எண்ணெய் சூடேறும்வரை குளிரூட்டியின் வழியை மூடிவைக்கும் வெப்பக்கட்டுப்பாட்டு வால்வோடு கூடியதையே தெரிந்தெடுத்தல் வேண்டும். எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானியொன்றையும் உடன் பொருத்தினால், ஓட்டுபவர் குருடராய் ஓட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, பழைய றேடியேற்றரைச் சோதித்தல். பல வண்டிகளில் கியர் எண்ணெயின் குழாய் றேடியேற்றரின் உள்ளேதான் செல்கின்றது. அங்கு வெடிப்பு ஏற்பட்டால், நீர் எண்ணெயிற் கலந்து அதனைப் பாற்தேநீரின் நிறமாக்கும். அப்பாற்தேநீர் கிளச்சுத் தட்டுகளின் ஒட்டுப்பசையைக் கரைத்துவிடும்.

இவற்றிற்குப் பின்னரே பெட்டியைத் திறந்து செய்யும் திருத்தங்கள் வரும். வால்வுத் தொகுதியில் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, கியர் மாற்றம் விரைவாகவும் இறுக்கமாகவும் நிகழச் செய்வது ஒரு முறை. மாறும் பொழுது குறைந்தால் வழுக்கலும் குறையும். தட்டுகள் நெடுநாள் உழைக்கும். பயணிகள் சிறிது உலுக்கலை உணர்வர். அது தேய்மானத்தைத் தடுக்கும் உலுக்கல். பெட்டியை முழுதும் புதுக்கும்போது, தரமுயர்ந்த உராய்வுத் தட்டுகளையும் புதிய முத்திரைகளையும் இடலாம். இத்திருத்தங்கள் பற்சக்கரப் பெட்டிகளுக்கே உரியவை. உருக்குப் பட்டிப் பெட்டியில் இவற்றை முயலலாகாது. எண்ணெயின் அளவைக் கூட்டும் ஆழமான அடித்தட்டுச் சமவெளிக்கு நன்று; கற்கள் துருத்தி நிற்கும் தோட்டப் பாதைகளில் அது முதலிலே அடிபடும். பஞ்சிகாவத்தையில் பாவித்த பெட்டியொன்றை வாங்கி மாற்றுவோரும் உளர். அதன் முன்னைய வாழ்வு எத்தகையதென்று எவரும் கூற முடியாதாகையால், அதற்கும் மேற்கூறிய சிகிச்சைகளைச் செய்த பின்னரே மலையேற்றுதல் தகும்.

வேகமும் வினைத்திறனும்

வினைத்திறன் என்றால் வேகமே என்று எண்ணும் இளைஞர்க்கு நுவரெலியா ஒரு பழைய அரங்கு. அங்குள்ள மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் 1934இலேயே தொடங்கியது. வசந்த காலத்திலே வண்டிகள் ஒவ்வொன்றாக நேரத்தோடு போட்டியிட்டு மேலே பாய்வதைக் காண மக்கள் திரள்வர். அது அழகிய விளையாட்டு. ஆனால், பந்தய வண்டி ஏறுவதோ சில கணங்கள். அதன்பின் அதற்கு ஓய்வும் பரிசோதனையும் உண்டு. குடும்ப வண்டியோ நாள்தோறும் ஏறி, நாள்தோறும் இறங்க வேண்டும். பந்தயத்திற்காக வலுக்கூட்டிய என்ஜினைப் பழைய பெட்டியோடு இணைப்பது, மெலிந்த கயிற்றிலே பெரிய தேரை இழுப்பது போலாகும்.

மலைநாட்டு இருப்புப்பாதையின் வரலாறும் இதையே கற்பிக்கின்றது. தமிழ்த் தொழிலாளரின் வியர்வை சிந்திய அப்பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் அதில் உண்டு. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்த டீசல்மின் என்ஜின்களில் கியர்ப்பெட்டியே இல்லை. டீசல் என்ஜின் மின்சாரம் ஆக்க, அம்மின்சாரம் மோட்டார்களைச் சுழற்றிற்று. விரைவை அல்ல, இடையறாத இழுவையையே பொறியியலாளர் நாடினர். மலைக்கு ஏற்ற வினைத்திறன் அதுவே.

இறக்கத்தின் இலக்கணம்

பெட்டியை எவ்வளவு பலப்படுத்தினாலும், இறங்கும் முறை அறியாதவர்க்கு அது பயன்படாது. 2,000 கிலோகிராம் நிறையுள்ள வானொன்று நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது, ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் யூல் சக்தியை எங்காவது கழித்தாக வேண்டும். 20 பாகைக் குளிர்நீர் 80 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இவ்வளவு வெப்பத்தையும் கைப்பிடியளவு பிரேக் கட்டைகளே தாங்க வேண்டுமெனின், அவை பிடிப்பை இழப்பதில் வியப்பென்ன? பிரேக் திரவமும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை; ஈரம் ஏறியபின் அது 140 பாகைவரை தாழலாம். திரவம் கொதித்தால் மிதி வெறுமையாய் உள்ளே போய்விடும்.

ஆகவே, இறக்கத்தில் நெம்பை ‘டீ’யிலேயே விட்டுவைத்தல் கூடாது. ‘2’, ‘எல்’, ‘எஸ்’ என்பவற்றுள் வண்டிக்குரியதைத் தெரிந்து, என்ஜினே வேகத்தைத் தடுக்கும்படி செய்தல் வேண்டும். ஹைபிரிட் கார்களில் அதற்கென ‘பீ’ நிலை உண்டு. மின்கலம் நிறைந்துவிட்டாலும் அந்நிலையில் என்ஜின் சுழன்று தடுப்புத் தரும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்னும் பழைய ஓட்டுநர் விதி இங்கும் செல்லும். எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருளவிடுவது, சில ரூபாய்க்காக உயிரை அடகு வைப்பதாகும்.

இன்னும் இரண்டு சிறு விதிகள். சரிவில் நிறுத்தும்போது, முதலிற் கைப்பிரேக்கை இழுத்து வண்டியின் பாரத்தை அதன்மீது ஏற்றிய பின்னரே ‘பீ’ என்னும் நிறுத்த நிலைக்குச் செல்க. இல்லையேல் விரலளவு உருக்குக் கொளுவி ஒன்றே முழுப் பாரத்தையும் சுமக்கும். பழுதான தானியங்கி வண்டியைக் கயிறு கட்டி டிராக்டரால் இழுக்கற்க. என்ஜின் ஓடாதபோது எண்ணெய்ப் பம்பும் ஓடாது. பெட்டி வரண்டு சுழன்று அழியும். சக்கரங்கள் நிலத்தில் படாதவாறு ஏற்றிச் செல்வதே முறை.

2023 சனவரி 20ஆம் திகதி நானுஓயா றதல்லப் பாதையில் பஸ்ஸொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் மாண்டனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்விபத்துகளின் காரணங்களை இங்கு ஆராய நாம் புகவில்லை. ஆனால், நம் பாதைகளின் சரிவு எவருக்கும் சலுகை காட்டுவதில்லை என்பதை அவை நெஞ்சில் எழுதிவிட்டன.

சீதையம்மன் கோயிலுக்கோ இறம்பொடை ஆஞ்சநேயர் சந்நிதிக்கோ குடும்பத்தோடு புறப்படுமுன், சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, வைப்போமாக. அத்துடன் எண்ணெய்க் கோலை ஒருமுறை உருவிப் பார்ப்பதும், பிரேக் திரவத்தின் அளவை நோக்குவதும் அவ்வழிபாட்டின் பகுதியே ஆகட்டும். பௌதிகம் பயிலும் மாணவர், தத்தம் வீட்டு வண்டியின் நிறையையும் ஊரின் உயரத்தையும் கொண்டு, இறக்கத்தில் பிறக்கும் வெப்பத்தைக் கணித்துத் தந்தையாரிடம் காட்டுவார்களாக. பாடப்புத்தகத்து வாய்பாடு ஒன்று, வானுக்குள் அமர்ந்திருக்கும் பத்துப் பிள்ளைகளைக் காக்குமாயின், கல்விக்கு அதனினும் பெரிய பயன் வேறென்ன உண்டு?