வாங்கி வந்த ரோஜா ஏன் பட்டுப்போகிறது?

நர்சரியில் கொத்துக்கொத்தாகப் பூத்து நின்ற ரோஜா, வீட்டுக்கு வந்த சில வாரங்களில் இலை உதிர்த்து, கொம்பு கருத்துப் பட்டுப்போகிறது. செம்பருத்தியும் மல்லிகையும் சில வீடுகளில் இப்படித்தான் போகின்றன. “எனக்குக் கைராசி இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த செடி வாங்கப் போகிறோம். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொட்டியில் நட்ட பிறகும் செடி பல வாரங்கள் பழைய பையின் தாய்மண்ணுக்குள்ளேயேதான் வாழ்கிறது. நாமோ அதைச் சுற்றியிருக்கும் புது மண்ணைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

ஆந்திராவின் கடியம் பகுதி நர்சரிகளிலிருந்து தமிழ்நாட்டுக்கு லாரி லாரியாகச் செடிகள் வருகின்றன. அவற்றில் பலவற்றின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். வழியில் உடையாமல் வருவதற்கு அது நல்ல ஏற்பாடு. அந்த உருண்டையைத் தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்த பொலபொலப்பான மண்ணில் வைக்கும்போதுதான் சிக்கல். உருண்டை காய்ந்திருந்தால், ஊற்றும் தண்ணீர் இளகிய மண் வழியாக நேரே அடித்துளைக்குப் போய்விடும். உருண்டையின் நடு நனையாது. நனைந்திருந்தாலோ களி ஈரத்தை விடாது. மேல்மண் காய்ந்ததைப் பார்த்து நாம் தினமும் ஊற்றுவோம், உள்ளே வேர் மூச்சுமுட்டும். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். அது காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தண்ணீரில் பெரும்பகுதியை உறிஞ்சுவது தடித்த வேர்கள் அல்ல, நுனியை ஒட்டியுள்ள மெல்லிய வேர்த்தூவிகள். இடம் மாற்றும்போது முதலில் அறுபடுபவை அவைதான். மேலே இலையும் பூவும் முன்போலவே நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். வரவு பாதி, செலவு முழுசு. ஆகவே பூத்த செடியை வாங்கினால் பூவையும் மொட்டையும் கிள்ளிவிட வேண்டும். பூவுக்காகத்தானே வாங்கினோம் என்று பலருக்கும் மனம் வராது. கிள்ளத்தான் வேண்டும்.

நடுவதற்கு முன் உருண்டையை ஈரமாக்கி, வெளிப்பக்கக் களியை மட்டும் விரலால் மெல்லக் கீறி உதிர்த்துவிடுங்கள். வாளித் தண்ணீரில் முழுதும் கரைத்து வேரை அம்மணமாக்கி நடுவோரும் உண்டு. கோடை வெயிலில் அந்த வீரம் வேண்டாம். நட்டபின் சில நாள் நிழல், பிறகு காலை வெயில். தண்ணீரைத் தண்டை ஒட்டி, உருண்டையின் மேலேயே மெதுவாக ஊற்றுங்கள். ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நர்சரிக்காரர் கூடவே தரும் உரப்பொட்டலம் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். அறுபட்ட வேரைச் சுற்றி உப்புச்சத்து கூடினால் அது வேருக்குள் நீர் போவதைத் தடுக்கும்.

செடி வாடியதும் கை தானாகக் குடத்தைத் தேடும். வேர் அழுகினாலும் செடி வாடத்தான் செய்யும் என்பதால், முதலில் விரலை உருண்டைக்குள் விட்டுப் பாருங்கள். நண்பகலில் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. விடியற்காலையிலும் தொங்கினால்தான் கவனிக்க வேண்டும். உள்ளே காய்ந்திருந்தால் தொட்டியை அப்படியே வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி அடங்கும்வரை வைத்து எடுத்து வடியவிடுங்கள். சொதசொதவென்று இருந்தால் தண்ணீரை நிறுத்தி, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மண் நாறினால் செடியை வெளியே எடுத்து ஒரு வேரை இழுத்துப் பாருங்கள்: அழுகிய வேரின் தோல் உறைபோல உருவிக்கொண்டு வரும், நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அவற்றை வெட்டிவிட்டு, கொம்புகளையும் குறைத்து, நீர் வடியும் மண்ணில் மறுபடி நடலாம். கொம்பை நகத்தால் சுரண்டினால் பச்சை தெரியும்வரை நம்பிக்கை உண்டு.

துளிர் வந்ததும் பிழைத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முடிச்சுக்குக் கீழே கிளம்பினால் அது நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல, ஒட்டுக்கு அடியில் இருக்கும் காட்டு ரகம், உடனே கிள்ளுங்கள். முடிச்சுக்கு மேலே வந்தாலும், தண்டில் சேர்த்துவைத்த உணவைக் கொண்டே, வேர் பிடிக்காமலேயே, முதல் துளிரைச் செடி விட்டுவிடும். அடுத்த துளிரும் வாடாமல் நீண்டு, தண்டை லேசாக அசைத்தால் மண்ணோடு பிடித்து நின்றால், தொட்டியின் ஓரத்தில் ஒரு கைப்பிடி மக்கிய தொழுஉரம் போடலாம்.