வடிவம் ஒன்று, வலிமை வேறு

மாணவர்களே! மடிக்கணினியைப் பற்றிப் பேசுமுன், நம் திருச்சிராப்பள்ளியின் இருப்புப்பாதையைச் சற்று நினைவூட்ட விரும்புகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து 1862-ஆம் ஆண்டில் இங்கு வந்த அகலப்பாதை, 1875-ஆம் ஆண்டளவில் மீட்டர் பாதையாயிற்று. பாதையின் அகலம் மாறும் நிலையத்தில் வண்டி மேலே செல்லாது; சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். நாட்டின் பாதைகளை ஒரே அகலமாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கிற்று. இன்று ஸ்ரீரங்கம் நிலையத்தின் வழியே செல்லும் அகலப்பாதை வடநாடு வரை ஒரே சீராகத் தொடர்கிறது.

மடிக்கணினியின் போர்ட்டுகளுக்கும் இதுவே வரலாறு. முன்பு நிறுவனத்துக்கொரு சார்ஜர், கருவிக்கொரு கேபிள் என்றிருந்தது. 2014-இல் வகுக்கப்பெற்ற யு.எஸ்.பி. டைப்-சி அத்தொல்லையைப் பெரிதும் குறைத்தது. அதன் 24 தொடுமுனைகள் சமச்சீராக அமைந்திருப்பதால், எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். மின்சாரம், தரவு, படம் ஆகிய மூன்றும் ஒரே கேபிளில் செல்லக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கு இதனைக் கட்டாயமாக்கியது.

ஆயினும், வடிவம் ஒன்றானதால் வலிமையும் ஒன்றாகிவிடவில்லை. ஒரு கேபிள் 60 வாட் வரை தாங்கும்; மற்றொன்று 240 வாட் வரை தாங்கும். ஒன்று நொடிக்கு 480 மெகாபிட் தரவைக் கொண்டு செல்லும். வேறொன்று 40 கிகாபிட் கொண்டு செல்லும். சில டைப்-சி போர்ட்டுகள் படத்தை வெளியே அனுப்புவதே இல்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றே. புறத்தோற்றத்தைக் கண்டு பொருளை அறிந்துவிட்டதாக எண்ணலாகாது என்று வகுப்பறையில் நான் பல்லாண்டு சொல்லி வந்தது இங்கும் பொருந்துகிறது.

அடாப்டரிலும் இருவகை உண்டு. ஒருவகை செருகியின் வடிவத்தை மட்டும் மாற்றும். மற்றொருவகை உள்ளே செல்வதையே மாற்றும். எச்.டி.எம்.ஐ. வழியே வருவது எண்வடிவக் குறிகை. பழைய புரொஜெக்டரின் 15 துளை வி.ஜி.ஏ. ஏற்பதோ தொடர்வடிவக் குறிகை. இடையே ஒரு சிறு மின்சுற்று இருந்து மாற்றித் தந்தாலன்றித் திரையில் படம் தோன்றாது.

நம் நகரில் கல்லூரிகள் பல. கருத்தரங்கில் கட்டுரை படிக்க மற்றொரு கல்லூரிக்குச் செல்லும் மாணவர், பல நாள் உழைத்துத் தயாரித்த படங்களைக் காட்ட இயலாமல் நிற்பது இத்தகைய சிறு பொருளால்தான். ஆகவே, அங்குள்ள புரொஜெக்டரின் போர்ட்டு எது என முன்னரே கேட்டறியுங்கள். கேபிள் வாங்கும்போது அதன்மேல் பொறித்துள்ள வாட் அளவையும் வேகத்தையும் படித்துப் பாருங்கள். பொருந்துகிறதா என்று மட்டும் பாராமல், தாங்குமா என்றும் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.