முழங்கால் நரம்பு மறிப்பு

முழங்கால் நரம்பு மறிப்பு என்பது முழங்கால் மூட்டின் வலியுணர்வை மூளைக்குக் கடத்தும் நுண்ணிய நரம்புகளை மருந்தாலோ வெப்பத்தாலோ சிறிது காலம் செயலிழக்கச் செய்யும் மருத்துவ முறையாகும். இந்நரம்புகள் ஜெனிக்குலர் நரம்புகள் எனப்படுகின்றன. இலத்தீன் மொழியில் 'ஜெனு' என்பது முழங்காலைக் குறிக்கும். மூட்டுத் தேய்மானத்தால் நீண்டகாலம் வலியுறுவோருக்கும், மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னும் வலி நீங்காதோருக்கும் இம்முறை பயன்படுகிறது. இது வலியைக் குறைக்குமேயன்றித் தேய்ந்த மூட்டைச் சீராக்காது.

பின்னணி

வயது, உடல் எடை, பழைய காயம் ஆகியன மூட்டுத் தேய்மானத்தின் முதன்மைக் காரணிகள். குத்தவைத்தும் மண்டியிட்டும் செய்யும் வேலைகளும் பாரம் தூக்குதலும் மூட்டின் சுமையைக் கூட்டுகின்றன. கொங்கு நாட்டில் களையெடுத்தல் போன்ற வயல்வேலைகள் இத்தகையவை. நூற்பாலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் நெடுநேரம் நின்றபடியே வேலை செய்ய வேண்டியுள்ளது. இவ்வேலைகளில் உள்ளோருக்கு முழங்கால் வலி பிழைப்பையே பாதிப்பதாகும்.

செயற்படும் விதம்

மூட்டின் குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. மூட்டுறை, அதன் உட்சவ்வு, குருத்தெலும்பின் கீழுள்ள எலும்பு ஆகியவற்றிலிருந்தே வலி எழுகிறது. இவ்வலியைக் கடத்தும் நரம்புகளுள் மேல் உட்புற நரம்பு, மேல் வெளிப்புற நரம்பு, கீழ் உட்புற நரம்பு ஆகிய மூன்றும் வழக்கமாக மறிக்கப்படுகின்றன. கீழ் வெளிப்புற நரம்பு பெரும்பாலும் தவிர்க்கப்படும். பாதத்தை உயர்த்த உதவும் நரம்பு அதற்கு மிக அருகில் செல்வதால், அது பழுதுபட்டால் பாதம் தொங்கிவிடக்கூடும்.

செய்முறை

இது இரு கட்டங்களாகச் செய்யப்படுகிறது.

1. சோதனை மறிப்பு: ஊடுகதிர் அல்லது மீயொலிக் கருவியின் துணையுடன், மூன்று இடங்களிலும் லிக்னோகெயின் போன்ற மரப்பு மருந்து சிறிதளவு செலுத்தப்படும். நோயாளி நடந்தும் படியேறியும் பார்ப்பார். வலி பாதியளவாவது குறைந்தால், அவ்வலி இந்நரம்புகளின் வழியே வருவதாகக் கொள்ளப்படும். குறையாவிடில் அடுத்த கட்டத்தால் பயன் கிட்ட வாய்ப்பு குறைவு.
2. வானலை வெப்பச் சிகிச்சை: ஊசிமுனையில் வானலை மின்னோட்டம் செலுத்தி, ஏறத்தாழ 70 முதல் 80 பாகை செல்சியசு வெப்பம் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் வரை தரப்படும். நரம்பிழைகள் மீண்டும் வளர்வதால் வலி திரும்பலாம். நிவாரணம் பொதுவாகச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை நீடிக்கும்.

வரலாறு

1884-இல் கார்ல் கொல்லர் கண் அறுவையில் கொக்கெயினை மரப்பு மருந்தாகப் பயன்படுத்தியது நரம்பு மறிப்பு முறைகளுக்கு வழிவகுத்தது. முழங்கால் நரம்புகளில் வானலை வெப்பத்தைச் சோதித்த தென்கொரிய ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் சிகிச்சை பெற்றோருள் 59 விழுக்காட்டினருக்கு 12-ஆம் வாரத்தில் வலி பாதியளவோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் எவருக்கும் அந்த அளவு குறையவில்லை. 2017-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், குளிரூட்டப்பட்ட வானலைக் கருவியை முழங்கால் தேய்மான வலிக்குப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது.

கோயம்புத்தூரும் நரம்பு மறிப்பும்

கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனையை 1978-இல் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜே. ஜி. சண்முகநாதன் மயக்கவியல் மருத்துவர். எலும்பு முறிவு, கை மறுசீரமைப்பு ஆகியவற்றுக்கு அறியப்பட்ட அம்மருத்துவமனையில், கை கால்களை மட்டும் மரக்கச் செய்யும் நரம்பு மறிப்பு அறுவைகளின் இன்றியமையாத பகுதியாக வளர்ந்துள்ளது. அறுவைக்கான மறிப்பு சில மணி நேரமே நீடிக்கும். அதில் தசைகளும் தளரலாம். நீண்டகால வலிக்கான மறிப்பிலோ உணர்வு நரம்புகள் மட்டுமே குறிவைக்கப்படுவதால் நோயாளி அன்றே நடக்கலாம்.

பக்க விளைவுகள்

ஊசியிட்ட இடத்தில் வலி, இரத்தக்கட்டு, தோல் மரப்பு ஆகியன ஏற்படலாம். தொற்று, மூட்டுக்குள் இரத்தக்கசிவு, தோல் தீப்புண் ஆகியன அரிதானவை. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் இதயமுடுக்கி பொருத்தியோரும் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். மரப்பு மருந்துடன் ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டால் நீரிழிவு நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை அளவு உயரக்கூடும்.

பயனும் வரம்பும்

இதயநோய் முதலிய காரணங்களால் அறுவை செய்துகொள்ள இயலாத முதியோருக்கு இம்முறை பெரிதும் உதவும். ஆயினும் இதனை அறுவையின்றி மூட்டைக் குணமாக்கும் சிகிச்சை எனக் கருதுதல் தவறாகும். வலி குறைந்த மாதங்களில் தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் எடைக் குறைப்பும் மேற்கொண்டால் பயன் கூடும். வலி இல்லை என்று பழைய சுமையையே மூட்டின்மேல் ஏற்றினால் தேய்மானம் தொடரும்.

இவற்றையும் பார்க்க

* மூட்டழற்சி
* முழங்கால் மாற்று அறுவை
* மயக்கவியல்