தெருவுக்குப் பட்டா உண்டா?

“அண்ணா, நம்ம குறுக்குத் தெருவை அந்த மனைக்காரரே நகராட்சிகிட்ட வாங்கிட்டாராமே, நிஜமா?”

ஆரணியில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, சர்வேயராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இந்தக் கேள்வியோடு யாராவது வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஒருவருக்கே நிலம் இருந்தால் நடுவில் ஓடும் பாதையும் அவருக்குச் சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அவர் வேலி போட்டதும் சுற்றிப் போகப் பழகிவிடுகிறார்கள். அப்படிப் பழகிவிடக் கூடாது.

தெரு யாருடையது?

1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து. தனக்குச் சொந்தம் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நகரத் தெருக்கள் நகராட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. கிராமச் சாலைகளை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 125-ஆம் பிரிவு ஊராட்சியிடம் ஒப்படைக்கிறது.

ஒப்படைத்தது பராமரிக்கத்தான். வட இந்தியாவில் மங்ளௌர் என்ற ஊரின் நகராட்சி, சாலையோரக் காலி இடத்தில் காந்தி சிலை வைத்து, பக்கத்தில் தண்ணீர்ப் பந்தலும் நூலகமும் கட்ட முனைந்தது. வழக்கு 1960-களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. பாதையாகப் பயன்படுத்தவும் பராமரிக்கவும் தேவையானதைத் தவிர வேறெதையும் நகராட்சி அங்கே கட்ட முடியாது என்று தீர்ப்பானது. காந்தி சிலைக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், தனியார் காம்பவுண்டுச் சுவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

கைமாறவே கைமாறாதா?

மாறலாம், அதற்கு முறை உண்டு. நம் நகராட்சிகளை நெடுங்காலம் ஆண்டது 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன்படி, ஒரு தெருவை நிரந்தரமாக மூட நகர்மன்றத் தீர்மானம் மட்டும் போதவில்லை, மேலிடத்து ஒப்புதலும் வேண்டியிருந்தது. மூடிய பிறகுதான் அந்த இடத்தை விற்பது பற்றிப் பேச முடிந்தது. மூடியதால் நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் போய், நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எந்தச் சட்டமானாலும், ‘தெரு’ என்று பதிவேட்டில் இருக்கும் இடம் கவுன்சிலரோ தலைவரோ வாய்மொழியாகச் சொல்வதால் மனையாகிவிடாது.

இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் காட்டும் வழிகளில் ஒன்றின்படி ஒரு பாதையை மூட வேண்டுமானால், அது தேவையற்றது என்று மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஏற்க வேண்டும். 28 நாள் முன்னதாகப் பாதையின் இரண்டு முனையிலும் அறிவிப்பு வைக்க வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையிலும் போட வேண்டும். நடந்துபோகிறவர் கண்ணில் பட்டே தீர வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

புலப்படத்தில் தெரியாதது

எங்கள் ஊர்த் தெருவுக்கு இன்னொரு வேலை உண்டு. விடியற்காலையில் வந்து பாருங்கள். மூன்று பட்டுப் புடவைக்கான பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, 18 மீட்டருக்கு மேல் நீளும். எந்த வீட்டுக்குள்ளும் அடங்காது. தெருவின் இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, நடுநடுவே கம்பு கொடுத்து நிறுத்துவார்கள். பக்கத்துக்கு இரண்டு பேராக நின்று, அறுந்த இழையைக் கண்ணால் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார்கள். கஞ்சி தெளித்து, இழை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்தாக வேண்டும். சேலம் பக்கத்தில் இதற்கென்றே பாவடி நிலம் இருக்கிறது. எங்களுக்குத் தெருதான் பாவடி.

பகல் பதினோரு மணிக்கு அளக்க வரும் அலுவலர் கண்ணில் படுவது ஆளில்லாத, நான்கு வண்டிகூடப் போகாத தெரு. புலப்படத்தில் நீளமும் அகலமும் இருக்கும், பாவு இருக்காது. ‘பயன்பாட்டில் இல்லை’ என்று அவர் குறிப்பு எழுதிவிட்டால், எத்தனையோ தறிகளின் வேலை கணக்கில் வராமலே போய்விடும். அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு தெருக்காரர்களுடையது.

செய்ய வேண்டியது

முதலில் டவுன் சர்வே பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் வாங்குங்கள். கிராமமானால் அ-பதிவேடு. அதில் ‘புறம்போக்கு, தெரு’ என்று இருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. அடைப்பை எடுக்கச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த அந்த அதிகாரம் இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி, தனிப்பட்ட நஷ்டம் இல்லாத இரண்டு பேர்கூட நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போடலாம். வேலி போட்டுப் பல வருஷம் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளம் பற்றிய வழக்கில், நீண்டகால ஆக்கிரமிப்பும், கட்டடத்துக்குச் செலவழித்த பணமும், அரசியல் செல்வாக்கும் நியாயம் ஆகாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தெருவை மூடப்போவதாக அறிவிப்பு கண்ணில் பட்டால், கெடு முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். ‘எங்களுக்கு இடைஞ்சல்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். இந்தத் தெருவில் பாவு போடுகிறோம், இத்தனை தறிக்கு, இந்த நேரத்தில், இத்தனை மீட்டர் வேண்டும் என்று கணக்கோடு எழுதுங்கள். தெருக்காரர் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.