நீரிறைக்கும் மோட்டரும் நீண்ட கம்பியும்



நவகிரிக் குளத்து வாய்க்கால் எட்டும் வயல்களுக்குச் சிறுபோகத்திலும் நீர் கிடைக்கக்கூடும். ஆனால் வெல்லாவெளியைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில் கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை ஆகியவற்றைச் செய்கை பண்ணுவோருக்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணறே தஞ்சம். வீட்டிலிருந்து கம்பி இழுத்து, கிணற்றடியில் மோட்டர் பூட்டி நீரிறைக்கிறீர்கள். சில நாட்களில் மோட்டர் இரைகிறது, ஆனால் சுழல மறுக்கிறது. அல்லது சுழன்றும் நீர் மெலிந்து வருகிறது. தொட்டால் கை சுடுகிறது. ஒருநாள் சுருள் கருகிவிடுகிறது. பூக்கும் பருவத்தில் மிளகாய்க்கு ஒரு கிழமை நீர் தவறினால் நேரும் நட்டத்தை நாம் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

மோட்டரைக் குறைகூறுவோர் பலர். கம்பியை நோக்குவோர் சிலரே. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் இக்குறையைக் கணக்கிட்டுக் காணலாம்.

வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் நீர்மட்டம் உயர்ந்திருப்பது போன்றது மின்னழுத்தம். இதனை வோல்ற்றில் அளப்பர். வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். இது அம்பியரில் அளக்கப்படும். வாய்க்கால் ஒடுங்கியும் நீண்டும் இருந்தால் கடைமடைக்கு நீர் குன்றுவதுபோல, மெல்லிய நீண்ட கம்பியும் ஓட்டத்தை எதிர்க்கும். அதுவே தடை, அதன் அலகு ஓம். ஜேர்மனியில் ஆசிரியராக இருந்த ஜோர்ஜ் சைமன் ஓம் என்பார் 1827இல் இம்மூன்றுக்குமுள்ள தொடர்பை நூலாக வெளியிட்டார். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை. ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் அழுத்தம். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வருவது வலு. அதன் அலகு வாற்று. ஆயிரம் வாற்று ஒரு மணிநேரம் செலவானால், உங்கள் மின்பட்டியலில் ஓர் அலகு ஏறும்.

இனி ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் 230 வோல்ற்று உண்டு. கிணறு 115 மீற்றர் தொலைவில் உள்ளது. இழுத்திருப்பதோ ஒரு சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள செப்புக்கம்பி. ஒரு குதிரைவலு மோட்டர் 6 அம்பியர் எடுக்கிறது.

மின்சாரம் ஒரு கம்பியாற் சென்று மறு கம்பியால் மீளுவதால் நீளம் 230 மீற்றர் எனக் கொள்ள வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்திலேதான். இப்பருமனுள்ள செப்புக்கம்பியின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம். ஆகவே மொத்தத் தடை 4 ஓம். 6ஐ 4ஆற் பெருக்க 24 வோல்ற்று. அதாவது நூற்றுக்குப் பத்துப் பங்களவு அழுத்தத்தைக் கம்பியே விழுங்குகிறது. அழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்தால் மோட்டரின் சுழற்றும் விசை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும். தொடங்கும் வேளையில் மோட்டர் பன்மடங்கு ஓட்டத்தை இழுப்பதால் வீழ்ச்சி மேலும் பெருகும். அது இரைந்து நிற்பதன் காரணம் இதுவே. சுழன்றாலும், அதே வேலையைச் செய்யக் கூடிய ஓட்டம் எடுத்துச் சூடேறும்.

கம்பியில் வீணாகும் வலுவையும் பாருங்கள்: 24ஐ 6ஆற் பெருக்க 144 வாற்று. நாளுக்கு நான்கு மணிநேரம் இறைத்தால் முப்பது நாளில் 17 அலகு. இதற்கும் நீங்களே பணம் கட்டுகிறீர்கள். ஒரு கத்தரிக் கன்றாவது அதனால் நனையவில்லை.

பருமன் இரண்டரைச் சதுர மில்லிமீற்றராயின் தடை 1.6 ஓம், வீழ்ச்சி பத்து வோல்ற்றுக்குள் அடங்கும். நான்கு சதுர மில்லிமீற்றராயின் தடை 1 ஓம், வீழ்ச்சி 6 வோல்ற்று, மாத இழப்பு நாலரை அலகுக்கும் குறைவு. கம்பி விலை கூடத்தான் செய்யும். ஆயினும் சுருள் மீளக் கட்டும் கூலியையும் பட்டுப்போன பயிரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல், அதாவது பதினொன்றரை வோல்ற்றுக்கு மேல் வீழ்ச்சியை அனுமதியாதிருப்பது நன்று.

ஓர் எச்சரிக்கை. இவ்வகுத்தற் கணக்கு கம்பிக்கும் நீர் சூடாக்கும் கருவிக்கும் பொருந்தும். ஓடும் மோட்டருக்கு அப்படியே பொருந்தாது. மோட்டரின் வலுவை அறிய, வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கியபின் வலுக்காரணியாலும் பெருக்க வேண்டும். அது மோட்டரின் தகட்டிற் பொறிக்கப்பட்டிருக்கும். இக்காரணியால் கிணற்றடியில் மானி காட்டும் வீழ்ச்சி நம் கணக்கைவிடச் சற்றுக் குறையலாம். கம்பி தெரிவதற்கு அது தடையன்று.

அளப்பதை மின்னிணைப்பாளரிடம் விடுங்கள். மோட்டர் ஓடும்போதே வீட்டிலும் கிணற்றடியிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மோட்டர் நிற்கையில் அளந்தால் வீழ்ச்சி தென்படாது. ஈரமான உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், 230ஐ அதனால் வகுக்க 0.23 அம்பியர் வரும். உயிரைப் போக்க அது மிகையாகவே போதும். றிப் சுவிச்சு 0.03 அம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி அமைந்திருப்பது இதனாலேயே. அது இல்லாத வீட்டிலிருந்து கிணற்றடிக்குக் கம்பி இழுக்க வேண்டாம்.

யானைக்கு அஞ்சி வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியிற் கொடுப்போரும் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். சட்டம் அதனைத் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, விடியற்காலையில் வரம்பால் வருபவர் பெரும்பாலும் உங்கள் அயலவரே. முறையான யானைவேலியிற் பாய்வது கணநேரத் துடிப்பாக விட்டுவிட்டு வரும் மின்; வீட்டுக் கம்பியிற் பாய்வதோ இடைவிடாதது.

கம்பி வாங்கப் போகுமுன் வீட்டிலிருந்து கிணறு வரையுள்ள தூரத்தை அளந்து, மோட்டர்த் தகட்டிலுள்ள அம்பியரையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.