குளிரில் கொழுப்பே அடுப்பாவது எப்படி?

லண்டன் குயீன் எலிசபெத் கல்லூரியில் நான்சி ராத்வெல், மைக்கேல் ஸ்டாக் இருவரும் எலிகளுக்கு விதவிதமான ருசியான தீனி கொடுத்தனர். தின்ற அளவுக்கு அவற்றின் எடை கூடவில்லை. ஏன்? மிகுதியைப் பழுப்புக் கொழுப்பு என்னும் திசு வெப்பமாக எரிக்கிறது என்று 1979-ல் எழுதினர்.

எப்படி? அணையை நினைத்துக்கொள்ளுங்கள். இக்கொழுப்புச் செல்களின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் தேங்கும் புரோட்டான்கள்தாம் நீர். விசையாழி வழியே பாய்ந்தால் ஏடிபி என்னும் மின்சாரம் கிடைக்கும். யுசிபி1 என்ற புரதமோ தனி மதகைத் திறந்துவிடுகிறது. விசையாழி சுழலாமலே நீர் பாய, ஆற்றல் வெப்பமாகிறது. நடுங்கத் தெரியாத பச்சிளங்குழந்தையைக் குளிரிலிருந்து காப்பது இந்தச் சூடுதான்.

பெரியவர்களின் கழுத்திலும் காறை எலும்பின் மேற்புறமும் இக்கொழுப்பு இயங்குவதை 2009-ல் உறுதிசெய்தனர். ஆனால் அதன் அளவு சொற்பம். அதை மட்டும் நம்பி உடல்பருமன் குறையாது. அளவான சாப்பாடும் அன்றாட நடையும் வேண்டும்.