சிவப்புச் சேவல் விடுதியில் 100 குப்பிகள்

1835 பிப்ரவரி. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் ‘சிவப்புச் சேவல்’ என்ற விடுதியில் 120க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அவர்களை அங்கே வரவழைத்தது ஒரு சவால்.

நகரின் பொதுச் சுகாதார அதிகாரி ஃபான் ஹோவன், ஹோமியோபதி மருந்தின் பலன் வெறும் கற்பனை என்று எழுதியிருந்தார். ஹோமியோபதி மருத்துவர் ராய்ட்டர் விடவில்லை. சமையல் உப்பை 30ஆம் வீரியத்துக்குக் கரைத்துக் குடித்தால், நோயற்றவர் உடலும் அதை உணரும் என்றார்.

சோதித்துவிடலாம் என்று முடிவானது. 100 குப்பிகளுக்கு எண்ணிட்டு, கலைத்து, இரண்டு பங்காகப் பிரித்தார்கள். 50 குப்பிகளில் பனியை உருக்கிக் காய்ச்சி வடித்த வெறும் நீர். மீதி 50இல் உப்புக் கரைசல். எந்த எண்ணில் எது என்ற பட்டியலுக்கு முத்திரை வைத்தார்கள். கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து, குடித்தவர்களில் 50 பேரின் விவரம் கிடைத்தது. 42 பேருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏதோ உணர்ந்ததாகச் சொன்ன 8 பேரில் ஐவர் குடித்தது உப்புக் கரைசல். மூவர் குடித்தது வெறும் நீர்.

அந்த மூவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வயிற்றில் ஒரு புரட்டல், தலையில் ஒரு பாரம் எல்லாருக்கும் வந்துபோவதுதான். மருந்து குடித்திருக்கிறோம் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் மனம் அதைக் கவனிக்கிறது. மருந்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறது. மருந்து என்று கொடுக்கும் வெறும் பொருளின், அதாவது மருந்துப்போலியின், விளைவில் ஒரு பகுதி இப்படிப் பிறப்பதே. தானாகத் தணியும் சளியும் காய்ச்சலும் அதே கணக்கில்தான் சேருகின்றன.

30ஆம் வீரியம் என்றால், ஒரு துளியை நூறு துளியில் கலப்பதை 30 முறை செய்வது. 12 முறை தாண்டும்போதே உப்பின் ஒரு துகள்கூட மிஞ்சுவது அரிது. நூரம்பெர்க்காரர்களிடம் இந்தக் கணக்கு இல்லை. மூலக்கூறின் அளவை அறிவியலாளர் லோஷ்மிட் மதிப்பிட்டதே 1865இல்தான். ஆனாலும் நேர்மையான ஒரு சோதனை அவர்களுக்கு விடை சொன்னது.

ஆளுக்கு ஆள் மருந்து மாறும், பொதுச் சோதனையில் அதை அளக்க முடியாது என்கிறார்கள் ஹோமியோபதியர். ஆளுக்கேற்ற மருந்தை எழுதியபின், அதையோ வெறும் சர்க்கரை உருண்டையையோ மறைத்துக் கொடுத்துப் பார்க்கலாம். அப்படியும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் குழு 61 நோய்நிலைகள் பற்றிய 176 ஆய்வுகளை அலசியது. ஹோமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று அந்த நோய்நிலைகளில் ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. ஹோமியோபதியை நம்பித் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உடல்நலத்துக்கு ஆபத்து என்றும் அது எச்சரித்தது.